எழுத்துக்கு அரைக்காசு

எழுத்துக்கு அரைக்காசு என்கிறான் மொத்துக்கஸ்.
உளி பிடித்த கையில் இரண்டு நகம் கறுத்திருக்கிறது.
சிவப்புப் பூச மூன்று காசு தனி.
கல் ஒன்பது வரிதான் தாங்குமாம்.
என் மெழுகுப் பலகையிலோ பதினேழு.

திரியரில் இன்னும் பனி விடவில்லை.
மோசெல் ஆற்றில் ஒயின் பீப்பாய்ப் படகுகள்
கரையை முட்டி முட்டி முனகுகின்றன.

"குறுக்கு."
குறுக்குகிறேன், அதுதானே என் பிழைப்பு.
குவிந்துஸ் ஏபூத்தியுஸ் சாக்கர்,
நெமௌசுஸ் ஊரார், பொன்மோதிர வகுப்பு,
அரசு தந்த குதிரை உடையவர்.
அது வெறும் பட்டம். அந்தக் குதிரை
ஒரு நாளும் புல் தின்றதில்லை.

முதல் பதவி பிரித்தானியாவில்.
ஐந்நூறு காலாட்கள், கல்லில் மூன்றெழுத்து.
எப்படித்தான் அடங்கினார்களோ மூன்றெழுத்துக்குள்,
அத்தனை ஈரக் காலுறைகளும், இருமல்களும்,
கைக்கு வருமுன்பே குடித்துத் தீர்த்த சம்பளங்களும்!
போர் ஒன்றும் இல்லை. செருப்பாணி எண்ணினோம்.
ஒருமுறை ஒரு கைப்பிடி மிளகு வந்தது,
எந்தக் கடலுக்கு அப்பால் யார் காயவைத்ததோ.
விலையை எழுதும்போது தும்மினேன், ஏடு முழுக்க மை.
அவர் சிரித்தார்.
மூன்றாண்டில் அந்த ஒரு நாள்.

அடுத்து மொகொந்தியாகம், ரைன் கரை, லீஜியனில் அதிகாரி.
சொல்ல ஏதுமில்லை.
விருந்துகள். பரிந்துரைக்குப் பரிந்துரை.

மூன்றாவது, இரண்டாம் குதிரைப்படை.
காட்டோரச் சதுப்பு, விடாத மழை.
வழிகாட்டி வேண்டாம் என்றான். இவர் போ என்றார்.
முப்பத்தொரு குதிரைகள் ஆளில்லாமல் திரும்பின,
சேணத்துக்கு மேலே சேறு.
இரவில் அவர் சொன்னதை நான் எழுதினேன்:
"சிறு இழப்பு."
எழுத்துக்குக் காசு கேட்கிற ஏடல்ல அது.
இருந்தும் இரண்டே சொல்.

பிறகு இந்த ஊர், வரிக்கணக்கின் தலைமை.
பெல்கிக்காவும் இரண்டு ஜெர்மானியாக்களும்
மூட்டை மூட்டையாய் அவர் மேசையில் இறங்கின.
ஆறு பெருகிய ஆண்டு கீழ்க்கரைக் குடியானவர்கள்
வாசலில் வந்து நின்றார்கள், முழங்கால்வரை சேறு.
தள்ளுபடிக்கு எனக்கு அதிகாரமில்லை, போங்கள் என்றார்.
விளக்கேற்றியபின் என்னை அழைத்து,
"கூட்டலில் எங்காவது தவறிவிடு" என்றார்.
என் வாழ்நாளில் அந்த ஒரு பிழையைத்தான்
மூன்று முறை சரிபார்த்தேன்.

அந்தச் சேற்றைத்தான் பார்த்தாரோ, நான் கேட்கவில்லை.
விடுதலை கொடுத்தவரிடம்
எல்லாவற்றையும் கேட்டுவிட முடியாது.

சாயங்காலம் கல்லில் நீர் தெளித்துத் துடைக்கிறான்.
ஐந்தாம் வரியில் என் கண் நின்றுவிட்டது.
இரண்டாம் படைக்கு இரண்டு கோடு வேண்டும்,
ஒன்றுதான் இருக்கிறது.
முதலாம் குதிரைப்படை.
அது எந்தச் சதுப்பிலும் இறங்கியதில்லை.

மொத்துக்கஸ் ரொட்டி பிட்டுக்கொண்டிருக்கிறான்,
படிக்கத் தெரியாது, வடிவம் பார்த்து வெட்டுகிறவன்.
விட்டுவிடலாம். இன்னொரு கூட்டல் பிழை.
இருந்தால் அவர் என்ன சொல்வாரோ.
தாழிக்குள் சாம்பல், அது என்ன சொல்லும்.

ஹால்தாவோ என்று ஒருவன், முப்பத்தொருவரில்,
எனக்கு நாலு காசு கடன்பட்டிருந்தான்.
இறந்தோர் பட்டியலில் அவன் பெயர் எழுதும்போது
முதலில் அந்த நாலு காசுதான் நினைவு வந்தது.

உளியை வாங்குகிறேன்.
"இதற்குக் காசு வேண்டாம்" என்கிறான், வாய் நிறைய ரொட்டி.
மெழுகுக்குப் பழகிய கை, கல் கேட்கவில்லை.
கோடு விழுகிறது,
பக்கத்துக் கோட்டைவிடக் குட்டையாய்,
கொஞ்சம் சாய்ந்து.