கொம்பு கேட்டவர்

கூத்தாநல்லூர் வங்கிக்கு
மாற்றலாகி வந்த நெகேமியா சார்
என்னிடம் கறி வாங்கியதே இல்லை.
வெண்ணாற்றுக் கெண்டைதான் அவருக்கு.
கெளுத்தியைத் தொடமாட்டார்.

ஆனியில் ஒருநாள் கொம்பு கேட்டார்.
"செம்மறிக் கடா, பாய். கீறல் கூடாது.
மாட்டுக் கொம்பு ஆகாது."
யூதர் என்றார். கொச்சிப் பக்கம்.
மகனுக்குப் பதில் அறுபட்ட கடா
உங்களுக்கும்தானே என்றேன். சிரித்தார்.

மணப்பாறைச் சந்தையில் பிடித்தது அது.
லாரியிலிருந்து இறங்க அடம்பிடித்தது,
ஆனால் கத்தவில்லை.
கொதிநீரில் ஊறவைத்து உள்ளெலும்பை நான் உருவ,
பழுத்த கம்பியால் நுனியில் துளையிட்டான்
சைக்கிள் கடை அசனா.

வருசப்பிறப்பு சனிக்கிழமை என்றிருந்தார்.
விடிந்ததிலிருந்து அவர் மாடிப்பக்கமே என் காது.
காகம். பால்வண்டி. லுஹர் பாங்கு.
அவ்வளவுதான்.
ஓய்வுநாளில் விழுந்தால் ஊதமாட்டார்களாம்.
முன்பே சொல்லக்கூடாதா மனுசன்.

ஞாயிறு, புரட்டாசி என்பதால் பாதிக் கூட்டம்.
அரைக்கிலோவைத் தட்டில் போடுகையில்
எழுந்தது.
நீளமாய் ஒன்று.
மூன்றாய் முறிந்து ஒன்று.
பிறகு விக்கல்போலப் பொடிப்பொடியாய்.
"எந்த வீட்டுல மாடு ஈனுது?" என்றாள் நாச்சியா.
எண்ணிக்கொண்டே வந்தேன். முப்பதில் விட்டுவிட்டேன்.

அந்த ஆட்டுக்குள் இவ்வளவு மூச்சா இருந்தது?

செவ்வாய்க்கிழமை, மீன்பையோடு வந்தவர்
"கேட்டதா, பாய்?" என்றார்.
"கடைசியது ரொம்ப நீளம்" என்றேன்.
கத்தி கையிலேயே நின்றுபோனதையோ
மீதிச் சில்லறைக்கு நாச்சியா
இரண்டுதரம் கூப்பிட்டதையோ
சொல்லவில்லை.