சைபர் சைபர் மூன்று

இரவோடு இரவாகக் கணினி தன்னைப் புதுப்பித்துக்கொண்டது.
யாரையும் கேட்கவில்லை.
காலையில் ஷட்டரைத் தூக்கினால்
திரையில் ஒரு மலை, ஒரு ஏரி,
எல்லாம் நீங்கள் விட்ட இடத்திலேயே இருக்கின்றன என்று
அரபியில் ஒரு வாக்கியம்.
பிரிண்டர் மட்டும் அதை நம்பவில்லை.

ஃபஹாஹீல், வியாழக்கிழமை, பத்தே கால்.
ஏசி சொட்டும் வாளி, ஏழு பிளாஸ்டிக் நாற்காலி,
நாலாவதில் மணப்பாட்டு லியோன் ஃபெர்னாண்டோ.
சாரம் கட்டும் வேலை. இடது பெருவிரல் நகம் கறுத்திருந்தது.
ஒரு மணிக்கு அலுவலகம் மூடிவிடும், அப்புறம் ஞாயிறுதான்.
அதற்குள் ரிலீஸ் தாள் வேண்டும்.
ஒரே ஒரு பக்கம்தானே என்றார்,
பக்கம் சிறிதென்றால் பாடும் சிறிது என்பதுபோல.

அனுப்பினேன். ஆஃப்லைன் என்றது.
பச்சை விளக்கு எரிய, தட்டில் தாள் நிறைந்திருக்க,
கைக்கெட்டும் தூரத்தில் சூடாக உட்கார்ந்துகொண்டே.
கடன்காரர் வந்து நின்றால்
அப்பா வீட்டில் இல்லை என்னும் பிள்ளை மாதிரி.

வயரைப் பிடுங்கி ஊதினேன்.
துளைக்குள் மணல். இந்த ஊரில் எந்தத் துளையில் இல்லை?
முன்பக்கம் செருகினேன். பின்பக்கம் செருகினேன்.
டுடுங். யாரோ வந்திருக்கிறார்களாம்.
யாரென்று தெரியாதாம்.

மொபைல் கடை ஷிஜு எட்டிப் பார்த்தான்.
பழையதுக்கே திரும்பிடலாம் சேச்சி,
பத்து நாளைக்குள்ளே என்றால் வழி உண்டு.
எவ்வளவு நேரம்?
ரெண்டு மணிக்கூர்.
லியோன் கடிகாரத்தைப் பார்த்தார்.

டிரைவரை அழித்தேன். உறுதிதானா என்று கேட்டது.
அவ்வளவு உறுதியாக நான் எதையும் செய்ததில்லை.
பாதிதான் அழிந்தது. வரிசையில் தாள்கள் காத்திருப்பதால்
பழையது போக மறுத்தது.
மறுபடி நிறுவினால் பட்டியலில் இரண்டு பிரிண்டர்,
ஒன்று மங்கலாக,
இன்னொன்று அதே பெயரில், பின்னால் நகல் ஒன்று.
மேஜைமேல் இருப்பதோ ஒன்றே.

பதினொன்றரை.
லியோன் எழுந்து வந்து அதன் முதுகில்
உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார்.
கிளாம்ப் இறுகியிருக்கிறதா என்று பார்க்கிற தட்டு.
'குழாய் நல்லாத்தான் இருக்கு.
எதுல கோர்த்திருக்குன்னு பாருங்க.'

போர்ட் என்றொரு பக்கம். இத்தனை வருடத்தில் திறந்ததில்லை.
யூஎஸ்பி சைபர் சைபர் ஒன்று: டிக் அதில்தான்.
யூஎஸ்பி சைபர் சைபர் மூன்று: சீந்துவாரில்லை.
ராத்திரியே கதவு இடம் மாறிவிட்டிருக்கிறது.
தபால்காரன் இன்னும்
வெறும் சுவரில் மணியைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

டிக்கை மாற்றினேன்.

ஒரு முக்கல். பிறகு உருளை. பிறகு
பத்தேகாலிலிருந்து பொறுமையற்று நான் அழுத்திய அத்தனை அழுத்தும்
ரிலீஸ் ரிலீஸ் ரிலீஸ்
பதினான்கு முறை விடுவிக்கப்பட்டார் லியோன்.
மேலிருந்ததை உருவிக்கொண்டு ஓடினார்.
காசு தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவார்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து
எல்லாவற்றுக்கும் அடியில் குப்புறக் கிடந்தது ஒன்று.
நேற்றுக் கடை அடைக்கும்போது நான் அனுப்பியது,
கணினி தூங்கப் போவதற்குள் வராமல் நின்றது.
என் பெயர். என் சிவில் எண்.
தங்களிடம் ஒன்பது ஆண்டுகள். இம்மாத இறுதியுடன்.
அரபி சுத்தமாக இருந்தது,
பிறத்தியாருக்கு அடித்து அடித்து வந்த சுத்தம்.

அபூ ஃபஹத் உள்ளே வந்தார். ஓடுகிறதா?
ஓடுகிறது.
நாளைக்கு மறுபடி இப்படிச் செய்தால்? எங்காவது குறித்து வை.

கையிலிருந்த தாளின் வெற்றுப் பக்கத்தில்
மார்க்கரால் பெரிதாக எழுதினேன்: சைபர் சைபர் மூன்று.
எழுத்துள்ள பக்கம் உள்ளே போக
பிரிண்டரின் நெற்றியில் ஒட்டினேன்.
டேப் மூன்று மூலைக்குத்தான் வந்தது.

மலிவுத் தாள். மதியம் வெயில் கண்ணாடியைத் தாண்டியதும்
உள்ளிருந்த வரிகள் லேசாகத் தெரிந்தன, புறங்காட்டி.
அரபியைத் திருப்பிப் பிடித்தால்
இடமிருந்து வலம் ஓடுகிறது, தமிழைப்போல.

அடுத்தவர், என்றேன்.
ஐந்தாவது நாற்காலி எழுந்தது.