கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

காலை ஏழரைக்கே முப்பத்தொரு டிகிரி.
பேருந்தில் எல்லோரும் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருக்க
என் பையில் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை,
ஒரு கம்பளிச் சட்டை, ஒரு பவுடர் டப்பா.

பவுடர் முகத்துக்கு இல்லை.
முக்குளிப்பு உடையின் ரப்பர்க் கழுத்துக்கு.
அது இல்லாவிட்டால் தலை நுழையாது,
நுழைந்தாலும் காது மிஞ்சாது.
கம்பளிக்குள் வேர்த்துக் கொட்ட
ஹைருல் முதுகு ஸிப்பை இழுத்து மூடுகிறான்.
"கோமு, சீக்கிரம் இறங்கு, இங்கேயே வெந்துருவ."

இறங்குகிறேன்.
பத்து டிகிரி.

உடம்பு நனையாது, முகம்தான் பலி.
மாஸ்குக்கும் முக்காட்டுக்கும் நடுவே
நெற்றியில் ஒரு விரல் அகலம் திறந்திருக்கும்.
சாவி வைத்திருப்பவனைப்போல
குளிர் அந்த வழியாக வந்துவிடும்.
ஐஸ் கச்சாங்கை அவசரமாக விழுங்கினால்
பொட்டு வைக்கும் இடத்தில் பிடிக்குமே ஒரு வலி,
அது. ஆனால் விடாது.
பிறகு உதடு என்னுடையதில்லை.
காற்றுக்குழாயைக் கடித்திருக்கிறேனா என்று
பல்லைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.
இடப்பக்கம் அடைத்த கடைவாய்ப்பல்
தனியாக ஒரு குளிர்காலம் நடத்துகிறது.

நான் குளிர்காலமே பார்த்ததில்லை.
பிறந்தது தோ பாயோ, இருப்பது ஈசூன்.
பனி பார்க்கக் கொரியா போன தோழிகள்
படம் அனுப்பினால் கட்டைவிரல் உயர்த்திவிட்டு
வாரம் நான்கு முறை, நாற்பது நிமிடம்,
சம்பளத்துக்குக் குளிர்கிறேன்.

சிலந்தி நண்டுகளுக்கு என்னைப் பழக்கம்.
நீண்ட கால் ஒன்று என் துடுப்பின்மேல் படிந்து போகிறது,
வழியில் கிடந்த கல்லை மிதிப்பதுபோல.
சுவருக்குப் பின்னால் இரவும் பகலும் உறுமும் இயந்திரம்
அரை டிகிரி பிசகாமல்
அவற்றின் ஊரைப் பிடித்துவைத்திருக்கிறது.
அதற்கு ஆகும் மின்கட்டணத்தை மேலாளர் ஒருநாள் சொன்னார்.
நண்டுகளிடம் நான் சொல்லவில்லை.

என் வேலை பாசி.
கண்ணாடியின் உட்புறம் தேநீர்க் கறைபோலப் படிவதை
மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும்,
விரலில் உணர்ச்சி இருக்கும்வரை.
வெளிப்புறம் கண்ணாடி வேர்த்திருக்கும்.
கதவு திறக்கும்போதெல்லாம் தீவின் புழுக்கம்
உள்ளே வந்து அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும்.

இன்று ஒரு சிறுவன்.
ஐந்து வயதிருக்கும், காலணியில் விளக்கு.
நண்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
நண்டையே தேர்ந்தெடுத்தான்.
பிறகு வேர்த்த கண்ணாடியில்
நாக்கைக் கடித்தபடி, ஆள்காட்டி விரலால்,
ஒரே எழுத்து.

ந.

எனக்கு நேராகத் தெரிந்தது.
தெரிந்த பிறகுதான் உறைத்தது:
எனக்கு நேர் என்றால்
அவன் போட்டது திருப்பிப் போட்ட ந.

அம்மாவும் பார்த்துவிட்டாள்.
பையிலிருந்து டிஷ்யூ.
துடைத்துவிட்டு அவன் விரலைப் பிடித்து
சரியான ந எழுதவைத்தாள்.
வாயசைவு தெரிந்தது, சத்தம் வரவில்லை.
என் பக்கம் இப்போது எழுத்து
முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.
அவனும்தான்.

முப்பத்தாறு நிமிடம். கை கட்டையாகிவிட்டது.
துடைக்காத பாசி ஒரு முழம் மிச்சம்,
சரியாக அவன் கண் உயரத்தில்.
மரத்த விரலால் எழுதினேன்
தொடக்கநிலை ஒன்றில்
சிவப்பு மையில் சரி வாங்கிய அதே ந.

திரும்பிப் பார்த்தான்.
அம்மாவின் சட்டையை இழுத்தான்.
தன்னுடையதேதான், அதே திரும்பிய ந,
தண்ணீருக்குள்ளிருந்து!
குதித்தான். காலணி விளக்குகளுக்குப் பித்துப் பிடித்தது.
அம்மா டிஷ்யூவை வைத்துத் தேய்த்தாள்,
விரலால் தொட்டுப் பார்த்தாள்,
மறுபடியும் தேய்த்தாள்.

கயிற்றில் இரண்டு இழுப்பு. ஏறினேன்.
ஹைருல் ஃபிளாஸ்கிலிருந்து தே ஹலியா ஊற்றினான்.
கோப்பையை நான் பிடிக்கவில்லை, அவன்தான் பிடித்தான்.
"கீழே ஒரு இடம் விட்டுட்ட."

நாளைக்கு, என்று சொன்னேன்.
வாய் இன்னும் திரும்பி வந்திருக்கவில்லை.
மற்றதெல்லாம் ஏதோ ஒரு மாதிரி வந்தது,
ந மட்டும் கீழேயே நின்றுவிட்டது.