பள்ளமான இடம்

உத்தங்குடி தாண்டி, யானைமலை
ஒருக்களித்துத் தெரியும் திருப்பத்தில்
நாலு மாடி. பதினோரு வருடமாகப் பூட்டு.
‘பொன்வளம் நிதி நிறுவனம்’ பலகையில்
‘நிதி’யை மட்டும் யாரோ
கழற்றிப் போயிருந்தார்கள்.

இடிப்பதற்கு முன்
இடிக்கலாமா என்று கேட்க வேண்டும்.
கேட்பதற்கு நாற்பத்திரண்டு பக்கப் படிவம்.
கேட்பவள் நான்.

கூரை: ஆஸ்பெஸ்டாஸ், பதினெட்டுத் தகடு,
நனைத்துத்தான் கழற்ற வேண்டும்.
ஆழ்துளைக் கிணறு: ஒன்று, வாயில் சாக்கு.
மரங்கள்: வாசலில் வேம்பு.
மூன்றாம் மாடிச் சுவரில் இரண்டு அரசு.
சுவரில் முளைத்தது கணக்கில் வராது என்றார்கள்.
வேரின் படத்தைக் காட்டினேன்,
நல்ல போட்டோ என்றார்கள்.

பறவைகள்: கூகை ஒரு ஜோடி, பெட்டக அறையில்.
குஞ்சு உண்டா என்று ஒரு கட்டம்.
டார்ச் அடித்தேன். மூன்று வெள்ளை முகங்கள்
வாராக் கடன்காரியைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தன.
‘உண்டு’ என்று எழுதி
தை முடியும்வரை பொறுக்கச் சொன்னேன்.

மண் பரிசோதனைக்குத் தரையை உடைத்தோம்.
நாலடியில் யார் வீட்டுச் செங்கலோ,
பச்சை மொசைக் துண்டு, பாதிக் கழுவுதொட்டி.
ஒன்பதடியில் நத்தை ஓடு.
அதற்குக் கட்டம் இல்லை.
இரண்டு ஓட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கருத்துக் கேட்பு, சமுதாயக் கூடத்தில்.
நாற்காலி நூறு, ஆள் பதினாலு.
ஞாயிறு காலை வேண்டாம், ஆராதனை இருக்கிறது என்றார்
ஜெயசகாயம்.
மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், தூசி ஆகாது என்றார்
தனுஷ்கோடி.
டியூஷன் எடுக்கும் ரிஸ்வானா
எத்தனை டெசிபல் என்று கேட்டார். சொன்னேன்.
‘அது எங்க வீட்டு மிக்ஸி’ என்று உட்கார்ந்துவிட்டார்.

பிறகு ஒச்சம்மாள் எழுந்தார்.
பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு ரசீது.
‘எம்பத்திரெண்டாயிரம்.
மூணாவது மாடியிலதான் கட்டுனேன்.
இடிச்சுப்புட்டா
எந்த எடத்தக் காட்டி
இங்கதான்னு சொல்றது?’

படிவத்தைப் புரட்டினேன்.
காற்று இருந்தது, நீர் இருந்தது,
இரைச்சல், அதிர்வு,
வௌவாலுக்குக்கூடத் தனிப்பக்கம்.
கடைசியில் ‘பிற’ என்று ஒன்றரை அங்குலம்.
பெயரை எழுதினேன்.
தொகைக்கு இடம் போதவில்லை.

இணைப்பு ஏழு: இடிபாடு.
இரண்டாயிரத்து நூறு டன்,
லாரிக்குப் பதினாறு வீதம்
நூற்று முப்பத்திரண்டு நடை.
கொட்டும் இடம் ‘பள்ளமான நிலம்’ என்று
ஒப்பந்தக்காரர் சர்வே எண்ணோடு தந்திருந்தார்.
பார்க்கப் போனேன். லாரிக்காரர் வில்லாயுதம் வழிகாட்டினார்.
கரை இருந்தது. மடை இருந்தது.
மடைக்கல்லில் ஓர் எருமை
முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.
‘பள்ளந்தானே மேடம்’ என்றேன் என்னையே ஏமாற்றுகிற குரலில்,
அவர் சொல்ல வேண்டியதை நான் சொல்லிவிட்டு.
வில்லாயுதம் பீடியை அணைத்தார்.
‘மழைக்கு முன்னாடி
எல்லாக் கம்மாயும் பள்ளந்தான்.’

அலுவலகத்திலிருந்து போன்:
ஏழு மட்டும்தானே பாக்கி,
பள்ளம்னு போட்டு அனுப்புங்க,
எல்லாரும் அப்படித்தான் போடுறோம்.

எல்லாரும் என்றால்
முப்பது வருடம் முன்பு
இந்த நாலு மாடிக்கு அடியில் மண்ணடித்தவரும்
அப்படித்தான் போட்டிருப்பார்.
மேசையில் இரண்டு நத்தை ஓடு.
பேனாவை எடுத்து
‘கண்மாய்’ என்று எழுதினேன்.
கட்டத்துக்குள் அது தாராளமாக அடங்கியது.

தை முடிந்தது, குஞ்சுகள் பறந்துவிட்டன.
கோப்பு எந்த மேசையில் இருக்கிறதென்று
தெரியவில்லை.
கட்டிடம் நிற்கிறது.
போகிற வழியில் ஷேர் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி
ஒச்சம்மாள் இறங்கி
கீழிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று
மாடியை எண்ணிப் பார்த்துவிட்டு ஏறுவதாக
வில்லாயுதம் சொன்னார்.