பக்கம் அறுபத்து மூன்று

டுலூத்தில் ஏரி உறைந்துவிட்டதாம்.
அந்தச் செய்திக்குக் கீழே
கேள்விகளைத் தொடங்குகிறார் இர்மா லிண்ட்.
மொத்தம் நாற்பத்தேழு.
சிதம்பரத்திலிருந்து ஷாகிரா தமிழாக்கி அனுப்ப
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில்
பஸ்ஸுக்குள் மாட்டிக்கொண்டு வாசிக்கிறேன்.
கூட்ஸ் வண்டி. நேரம் இருக்கிறது.

பெண்கள் எழுதியதை மட்டும் அச்சிடுகிற அமெரிக்க அம்மாள்.
முப்பது வருடமாக ஒரே மேசை,
விற்காத புத்தகங்களுக்கு ஒரு பழைய மீன் கிடங்கு.
எனக்குக் கட்டிலடி.
முந்நூறு அச்சிட்டதில்
இருநூற்றுப் பதினொன்று அங்கேதான் படுத்திருக்கின்றன.
தஞ்சாவூர் அச்சகத்துக்குப் போனவை
இரண்டு வளையல்.

கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர் நான்.
ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால்
நெல்லைத் திருப்பி அனுப்புவோம்.
மழையில் கொள்முதல் நின்ற நாட்களில்
சிப்பக் கணக்குத் தாளின் பின்பக்கம் எழுதியவை இந்தக் கதைகள்.
சென்னையில் இவற்றுக்கு ஈரம் பார்த்தவர்கள்
எவ்வளவு என்று சொல்லாமலே திருப்பினார்கள்.

கேள்வி மூன்று: மடை என்பது கதவா, வாயா?
கேள்வி பதினொன்று:
மூணாறு தலைப்பு என்கிறீர்களே,
ஆறு பிரிகிற இடத்துக்கும்
புத்தகத்தின் பெயருக்கும்
புடவையின் நுனிக்கும் ஒரே சொல்லா?
ஆமாம் என்று எழுதினேன்.
அன்றைக்கு முழுக்க
அந்த ஆமாமை நினைத்துச் சிரிப்பு வந்தது.

கேள்வி முப்பத்திரண்டு.
பக்கம் அறுபத்து மூன்றில்
நிலத்துக்காரருக்குப் பெயர் இருக்கிறது.
அவருடைய மோட்டாருக்குக்கூட
கம்பெனிப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள்.
கூலியை வாங்காமல் கரையேறிப் போகிறவள் மட்டும்
"நடவுக்காரிகளில் ஒருத்தி".
வேண்டுமென்றே விட்டீர்களா?

கேட் திறந்து பஸ் நகர்ந்தது.

வேண்டுமென்றே என்று எழுதிவிடலாம்,
கலை என்று நினைத்துக்கொள்வார்கள் என்றாள் ஷாகிரா.
எழுதியும் பார்த்தேன். அடித்தேன்.
ஏனென்றால் அவள் இருக்கிறாள்,
பாமணியாற்றுக்கு அந்தக் கரையில்.
பதினாறு வருடத்துக்கு முன்
வரப்பில் குடை பிடித்து நின்று
நான் பார்த்துக்கொண்டிருந்த நடவு அது.

ஞாயிற்றுக்கிழமை போனேன்.
ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தாள்.
புத்தகம், அமெரிக்கா, கேள்வி, எல்லாம் சொன்னேன்.
"அந்த ஊர்க்காரி கேட்டாளாக்கும்.
நீங்க ஏன் கேக்கல?"
தழை ஒடிவது நிற்கவில்லை.

ஆடு இரண்டு தின்று முடித்த பிறகு
தானாகச் சொன்னாள்:
தையல்நாயகி.
"நடுவுல ல் வரும்.
ரேஷன் அட்டைல முழுங்கிட்டான், நீங்க முழுங்கிடாதீங்க.
அப்புறம் இன்னொண்ணு,
நான் சும்மா ஏறிப் போகல அன்னைக்கு.
அந்தாளு மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் போனேன்.
உங்க காதுல விழுந்திருக்காது.
மோட்டார் ஓடிச்சுல்ல."

அந்த வார்த்தையையும் சொன்னாள்.
ஆடு நிமிர்ந்து பார்த்தது.

ராத்திரி கட்டிலடியிலிருந்து கட்டுகளை இழுத்தேன்.
கரையான் எடுத்துக்கொண்ட நான்கு போக
இருநூற்று ஏழு.
பக்கம் அறுபத்து மூன்றில் "ஒருத்தி"யை அடித்து
மேலே பெயரும்
ஓரத்தில் அந்த வார்த்தையுமாக
எண்பத்தாறு பிரதி வரைக்கும் வந்திருக்கிறேன்.
லகரத்துக்குப் புள்ளி வைத்தேனா என்று
ஒவ்வொன்றையும் திரும்பிப் பார்க்கிறேன்.

டுலூத்துக்கு எழுதிய பதில்:
இல்லை, வேண்டுமென்று விடவில்லை.
பெயர் இதோ.
அவள் பேசியதும் இருக்கிறது,
அதற்குப் பத்து நாள் பொறுங்கள்,
ஷாகிரா எல்லா அகராதியிலும்
தேடிக்கொண்டிருக்கிறாள்.