தரையில் ஒரு ஓட்டை

லீ பஜார் பக்கத்துப் பட்டறையில்
வண்டிக்குப் புதுத் தகரம் அடித்து முடித்த அன்றே
அதில் ஓட்டை போடச் சொன்னாள் அமுதவல்லி.
உள்ளங்கை அகலம், சிலிண்டர் பெட்டிக்கு நேர் கீழே.
வெல்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.
நான் வானத்தைப் பார்த்தேன்.
"நல்ல தரைங்க" என்றார்.
"கேஸ் மேலே போகாதுண்ணா, கீழேதான் இறங்கும்.
இறங்கினா போக வழி வேணும்ல."
மழைத்தண்ணி வரும், எலி வரும் என்று
நான் சொன்னதெல்லாம் அரைமணியில்
வலை அடித்த ஓட்டையாக முடிந்தது.

அதோடு விட்டாளா.
ரப்பர் குழாயில் அச்சடித்த வருஷத்தைப் படித்துவிட்டுக்
கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தாள்,
புளித்த தயிர்ப் பாக்கெட் போல.
அஞ்சு கிலோ சிலிண்டரை நிமிர்த்தி நிறுத்திப்
பழைய சீட் பெல்ட்டால் கட்டினாள்.
நான் பெல்ட் போடாமல்தான் ஓட்டினேன்,
கோரிமேடு தாண்டும்வரை.

அடிவாரத்தில் "வால்வு மூடியாச்சா?"
ஆச்சு.
ஏழாவது கொண்டை ஊசியில் மறுபடி.
ஆச்சு.
பதினாலில் அவள் கேட்கவில்லை.
நானே இறங்கிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

நாகலூர் போகிற வழியில் சில்வர் ஓக் மரங்களுக்கடியில் ஒதுங்கினோம்.
குளிரிலும் ஜன்னலை இரண்டு விரல் திறந்துவைத்துத்தான் உப்புமா.
தீ நீலமாக எரிகிறவரை பேச்சு;
மஞ்சள் காட்டினால் பர்னரைக் கழற்றித் துடைப்பாள்.
சிலிண்டர்மேல் ஈரத்துணியால் ஒரு கோடு இழுத்தாள்.
மேலே சட்டென்று காய்ந்தது. கேஸ் இருக்கும் உயரம்வரை
ஈரம் அப்படியே நின்றது. பாதிக்குக் கொஞ்சம் கீழே.
நம் சேமிப்பு மாதிரி என்றேன்.
சிரிக்கவில்லை.

ஒரு மணி இருக்கும்.
கனவில் அழுகிய முட்டைக்கோஸ் விற்றுக்கொண்டிருந்தேன்.
யாரோ என் காதைத் திருகினார்கள்.
"லைட்டப் போடாத. போனையும் தொடாத."
இருட்டில் கதவு. வெறுங்கால். ஈரப்புல்.
அவள் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பிப்போய்
தடவித் தடவி வால்வைத் திருகிவிட்டு வந்தாள்.

சமைத்து முடித்து அடுப்பைத் துடைத்தவன் நான்.
அதை அவள் சொல்லவில்லை.
ஒரே போர்வைக்குள், பல் தந்தியடிக்க,
வேறொன்று சொன்னாள்:
இந்த கேஸுக்குச் சொந்த வாசனை கிடையாதாம்.
எங்கோ ஒரு ஆலையில் யாரோ வேண்டுமென்றே
இந்த நாற்றத்தைக் கலக்கிறார்களாம்,
முகம் தெரியாத மூக்குகளுக்காக.
அந்த யாரோவுக்கு நன்றி சொல்ல நினைத்தேன்.
வாயைத் திறந்தால் வேறு வார்த்தை வந்துவிடும்போல் இருந்தது.

பனிக்குள் ஒரு டார்ச் ஆடி வந்தது.
எஸ்டேட் காவல்காரர், பேர் ஆண்டியப்பன் என்றார்.
காட்டெருமை திரிகிற இடத்தில் இப்படி உட்காரலாமா என்றார்.
பதிலுக்கு நிற்காமல் பீடியை உதட்டில் வைத்து,
"நெருப்பு இருக்குங்களா?"

வேண்டாம் என்று இருவரும் கத்தினோம்.
பதினோரு வருஷத்தில்
ஒரே சொல்லை ஒரே நொடியில் நாங்கள் சொன்னது
அதுதான்.

பீடி காதுக்குப் பின்னால் போனது.
மூக்கை உறிஞ்சினார். பத்தடி தள்ளி நின்றே
வண்டிக்கடியில் வெளிச்சம் காட்டினார்.
"தரையில ஓட்டை கிடக்குதே?"
"ஆமாங்க" என்றேன், "நாங்கதான் போட்டோம்."
அமுதவல்லி என்னைத் திரும்பிப் பார்த்தது
இருட்டிலும் தெரிந்தது.

விடிந்ததும் வால்வைத் திறந்து
குழாய் நெடுகச் சோப்பு நுரை தடவினாள்.
ரெகுலேட்டர் கழுத்தில் ஒரு குமிழி,
அவசரமே இல்லாமல் ஊதிப் பெருத்தது.
இருபது வளைவில் தளர்ந்த கிளிப்.
கிளிப் மட்டும் போதாது, திறந்த வால்வும் வேண்டும்.
"வால்வு நான்" என்றேன்.
"தெரியும்" என்றாள்,
ஸ்க்ரூடிரைவரிலிருந்து கண்ணெடுக்காமல்.
அரைச் சுற்று. மறுபடி நுரை. குமிழி இல்லை.
இன்னொரு தரம். இல்லை.

டீக்குத் தண்ணீர் வைத்தபோது
வேலை முடிந்து ஆண்டியப்பன் வந்தார்,
பீடி இன்னும் காதிலேயே.
"இப்பவாச்சும்?"
அவள் கீழே இறங்கி, காற்று போகிற பக்கமாய்த் தள்ளி நின்று
தீக்குச்சியை உரசி நீட்டினாள்.
நான் ஓடிப்போய் வால்வை மூடினேன்.

டீ இன்னும் கொதிக்கவில்லை.