ஒரே இடத்தில் ஒரு மேகம்

ரிச்சி தெருவில் வாங்கினேன், செகண்ட் ஹாண்ட்.
பில் கிடையாது. பை உண்டு.
பைக்குள் யாரோ விட்டுப்போன
பாரிமுனை பஸ் டிக்கெட்டும் உண்டு.
வீட்டில் விலையைப் பாதியாகச் சொன்னேன்.
அதற்கே அவர்
மின்விசிறியைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தார்.

முதல் ஞாயிறு காசிமேடு.
ஏலம் விடியும் முன்பே தொடங்கிவிடும்,
ஐந்தரைக்கு வந்துவிடு என்றிருந்தார்கள்.
வஞ்சிரக் கூடைகளுக்கு நடுவில்
வழுக்காமல் நிற்பதே பெரும்பாடு.
நான் எடுத்த முப்பத்தேழில்
தலையில்லாத ஆட்கள், பாதிப் படகுகள்,
யாருடைய முதுகோ ஒன்பது முறை.

பிறகு ராயபுரம் டீக்கடை.
ஏழு பேர். அவரவர் கேமராவை
வட்டமாகக் கைமாற்றிப் பார்ப்பது வழக்கமாம்.
பட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டு
ரத்தப் பரிசோதனை முடிவுக்கு நிற்பவள் போல
டீயின் ஆடையை ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.

டார்வின் துரை ஒவ்வொன்றையும் பெரிதாக்கினார்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்,
எதையும் உயரத்திலிருந்தே பார்த்துப் பழக்கம்.
"மேகம் நல்லா விழுந்திருக்கும்மா" என்றார்.

அன்றைக்கு வானத்தில் மேகமே இல்லை.

அடுத்து பள்ளிக்கரணை.
பூநாரைகள் வெகுதூரத்தில்,
சிந்திய அரிசி மாதிரி.
அவற்றுக்கு மேலே, வலது மூலையில், அதே மேகம்.
அதற்கடுத்து மின்ட் தெரு.
ஜிலேபி சுற்றும் கைக்குப் பின்னால்
சுண்ணாம்புச் சுவரில், அதே மேகம்.

"உள்ள தூசு உட்கார்ந்திருக்குக்கா" என்றான் தமீம்,
பர்மா பஜாரில் போன் பழுதுபார்ப்பவன்.
"துடைச்சுத் தரவா?"
"இருக்கட்டும்டா," டார்வின் தடுத்தார்,
"அவங்க படம்னு தூரத்துலேயே தெரியுதுல்ல."

சிரித்தார்கள். நானும்தான்.
வீட்டுக்குப் போய் அழுதேன் என்று எழுதினால்
நன்றாயிருக்கும். அழவில்லை.
வெங்காயம் நறுக்கினேன், அது வேறு.

அருமை, செம, பின்னிட்டீங்க.
ஒவ்வொரு வாரமும் கேட்டேன்.
பஸ்ஸில் சில்லறைக்குப் பதில் தரும் மிட்டாய் போல
வாயில் போட்டுக்கொண்டு மறந்தேன்.
கோதைநாயகி மட்டும் ஒன்றும் சொல்வதில்லை.
மருந்துக்கடைக்காரி.
சீட்டைப் படிப்பது போலப் படிப்பாள்,
அடுத்தவரிடம் தள்ளுவாள்.

நான்காவது மாதம், மறுபடி காசிமேட்டுப் படங்கள்.
ஒன்றில் நிறுத்தினாள்.
"தராசுத் தட்டுக்குக் கீழ பாரு.
ஒரு கட்டைவிரல்."
பார்த்தேன். இருந்தது.
மீனோடு ஐம்பது கிராம் அந்த விரலும் எடைபோட்டது.
"அதுக்காகத்தான் நீ அங்க நின்ன.
உனக்கே தெரியல.
அடுத்த தடவ ரெண்டடி கிட்டப் போ."

அவ்வளவுதான். டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் மின்வாரியக் கவுன்டரில்
கண்ணாடியின் அரைவட்டத் துளைக்குள் வந்த
விரல்களையெல்லாம் பார்த்தேன்.
தேர்தல் மை. பாதி உரிந்த மருதாணி.
மாவு காயாத நகம்.
நகமே இல்லாத ஒன்று, 
ரூபாய் நோட்டை விட மனமில்லாமல்
பிடித்துக்கொண்டே இருந்தது.
"மேடம், சில்லறை" என்றார் விரலின் ஆள்.

கார்த்திகை மழையில் கேமரா செத்தது.
தமீம் இரண்டு ராத்திரி கண்விழித்து
உயிர்கொடுத்தான். காசு வாங்கவில்லை.
கூடவே, கேட்காமலே,
தூசையும் துடைத்துவிட்டான்.

அந்த ஞாயிறு மெரினா.
கலங்கரை விளக்கம், அதன் பின்னே
துடைத்துவைத்த சிலேட்டாய் வானம்.
கேமரா கைமாறி டார்வினிடம் வந்தது.
வலது மூலையைப் பெரிதாக்கினார்.
இன்னும் பெரிதாக்கினார்.
"என்னமோ குறையுதே" என்றார்.
தமீம் தலையைச் சொறிந்தான்.
சுண்டல் பொட்டலத்திலிருந்து
கோதைநாயகி நிமிரவே இல்லை.

அப்போது கடலின் மேல் நிஜமாகவே ஒன்று வந்தது,
சின்னதாய், வலப்பக்கமாய்.
என் கேமரா அவர் கையில்.
கொடுக்க நேரமில்லாமல் அவரே அழுத்திவிட்டார்.

ஆடியிருந்தது.
கடல் சாய்ந்து ஒழுகியது.
மேகம் பாதிதான் உள்ளே இருந்தது.
பரிசோதனை முடிவுக்கு நிற்பவர் போல
மணலைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"மேகம் நல்லா விழுந்திருக்கு சார்" என்றேன்.